கவசம் உடம்பில் உட்கார வேண்டும்

கவசம் செய்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விகள்தான். எவ்வளவு செலவாகும்? எத்தனை நாளாகும்? அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்க முடியுமா, மாடிப்படி இறங்க முடியுமா, தண்ணீர் குடிக்க முடியுமா என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலரில் முக்கால்வாசிப் பேர் தையல்காரர்கள்.

நான் பகலில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறைக்குக் கொலுசு டிசைன் போடுகிறேன். கம்ப்யூட்டரில் வரைந்து, மெழுகில் எடுத்து, வார்ப்புக்கு அனுப்புகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடி அறைக்குப் போய்விடுவேன். அங்கே சுவரெல்லாம் மார்புத் தகடுகள், முழங்கால் மூடிகள், பாதி முடிந்த ஹெல்மெட்டுகள். விண்வெளிக் கதைகளில் வரும் கவசங்களைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி செய்து, ஓர் ஆளின் உடம்புக்குப் பொருத்திக் கொடுப்பதுதான் என் பொழுதுபோக்கு. இதில் செய்வதைப் பற்றி இணையம் முழுக்க வீடியோ இருக்கிறது. பொருத்துவதைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த அந்த வெள்ளைக் கவசத்தை எடுத்துக்கொள்வோம். 1977இல் வெளியான ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் படைவீரர், ஸ்டார்ம்ட்ரூப்பர். ரால்ஃப் மெக்குவாரி என்ற ஓவியர் தாளில் வரைந்த உருவம் அது. உடையமைப்புக்குப் பொறுப்பு ஜான் மோலோ. இராணுவச் சீருடைகளின் வரலாற்றைப் பற்றிப் புத்தகங்கள் எழுதிய மனிதர், அந்தப் படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். ஹெல்மெட்டுகளைப் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுத்தவர் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த். பிளாஸ்டிக் தாளைச் சூடுபடுத்தி, அது தொய்ந்து வரும் நேரத்தில் அச்சின் மேல் இறக்கி, கீழிருந்து காற்றை உறிஞ்சினால் தாள் அச்சோடு ஒட்டிக்கொள்ளும். ஆறினால் அதே வடிவம். வேக்குவம் ஃபார்மிங் என்பார்கள். முட்டை வைக்கும் பிளாஸ்டிக் தட்டு, பிறந்தநாள் கேக் டப்பா எல்லாமே இந்த முறையில் வருபவைதான்.

பல வருடம் கழித்து ஐன்ஸ்வொர்த் அதே ஹெல்மெட்டுகளைச் செய்து விற்கத் தொடங்க, படத்தை எடுத்த லூகாஸ் ஃபிலிம் நிறுவனம் வழக்குப் போட்டது. 2011இல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அந்த ஹெல்மெட் சட்டத்தின் பார்வையில் ஒரு சிற்பம் இல்லை, படம் எடுப்பதற்குப் பயன்பட்ட ஒரு பொருள், ஆகவே சிற்பத்துக்குரிய நீண்டகாலப் பதிப்புரிமை அங்கே அதற்குக் கிடைக்காது. அதே தீர்ப்பில், அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்கான வழக்கை இங்கிலாந்து நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றும் சொன்னார்கள், அந்த வகையில் ஐன்ஸ்வொர்த்துக்குத் தோல்வி. சட்ட நுணுக்கம் எனக்கு வேலையில்லை. சிற்பம் இல்லை என்ற இடம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. சிற்பம் பீடத்தில் நிற்கும், பார்ப்பவர் சுற்றி வருவார். கவசம் அப்படி இல்லை. அதற்குள் ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது. அலமாரியில் எவ்வளவு அழகாக நின்றாலும், போட்டவர் பத்து நிமிடத்தில் கழற்றத் துடித்தால் வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

இதை எனக்குப் புரிய வைத்தது எந்த வீடியோவும் இல்லை. எங்கள் பெரியப்பா.

சேலத்துக்காரர்களுக்கு வண்டி வேடிக்கையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி மாதம் குகை என்ற பகுதியில் இருக்கும் மாரியம்மன், காளியம்மன் கோயில் திருவிழாவில், அலங்கரித்த வண்டிகளில் சாமி வேஷம் போட்டவர்கள் வரிசையாக வருவார்கள். சிவன், பார்வதி, முருகன், மகிஷாசுரமர்த்தினி, இராமாயண பாரதக் காட்சிகள் என்று ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கதை நிற்கும். தெரு முழுக்க ஜனம். பெரியப்பா வேஷம் போடுகிறவர் இல்லை, வேஷம் கட்டிவிடுகிறவர். கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்புப் பதக்கம், இடுப்புக் கச்சை எல்லாம் அவர் கையால் ஆள்மேல் ஏறும். இளவயதில் தெருக்கூத்துக் குழு ஒன்றிலும் கட்டைகட்டும் வேலை பார்த்திருக்கிறார். கூத்தில் கட்டை என்றால் மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிய அணிகலன்கள். கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில்தான் செய்வார்கள். இரவு முழுக்க அதைச் சுமந்துகொண்டு அடவு போட்டு ஆட வேண்டுமே.

நான் அட்டையில் முதல் மார்புத் தகட்டை வரைந்துகொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “கண்ணு, முடிச்சு எங்க வருதுன்னு முதல்ல பாரு. அப்புறம் அட்டைய வெட்டு. சாமி கட்டுறவன் விடியிற வரைக்கும் நிக்கணும். தோள்ல பாரத்த வைக்காத, இடுப்புல வை.”

எழுந்து நிற்கச் சொல்லி, பழைய வேட்டியைக் கிழித்த பட்டையால் என் இடுப்பைச் சுற்றினார். இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றைக் கொஞ்சம் கீழே இறக்கி இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி. அந்தத் துணியில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு நாடாக்களைத் தொங்கவிட்டு, அதில் மார்பு அட்டையைக் கட்டினார். தோள் நாடா அட்டையை முன்னால் சாயாமல் பிடிக்க மட்டும். எடை முழுக்க இடுப்பில். நான் குனிந்தேன், கையை வீசினேன், அட்டை கூடவே வந்தது. துணிதான் முதல் என்பார் பெரியப்பா. உடம்புக்கும் கட்டைக்கும் நடுவில் துணி இல்லாவிட்டால் கட்டை உடம்பைத் தின்றுவிடும்.

நான் இன்று வரை செய்யும் எல்லாக் கவசமும் அந்த இடுப்புப் பட்டையிலிருந்துதான் தொடங்குகிறது. வேட்டித் துணிக்குப் பதிலாக ஸ்கூல் பேக்குக்குப் போடும் நைலான் நாடா. முடிச்சுக்குப் பதிலாகப் பிரஸ் பட்டனும் வெல்க்ரோவும். மற்றபடி அதே கட்டு.

இனி பொருள். என் வேலையில் பெரும்பகுதி ஈவிஏ ஃபோம். குழந்தைகள் விளையாட விரிக்கும் பாய், ஷூவின் நடு அடி, இவற்றில் இருப்பது இதே ஃபோம்தான். மார்புக்கும் முதுகுக்கும் 10 மி.மீ., தோளுக்கு 5 அல்லது 6, மேலே ஒட்டும் கோடுகளுக்கும் பட்டைகளுக்கும் 2 அல்லது 3. கட்டர் பிளேடு எப்போதும் புதிதாக இருக்க வேண்டும். ஃபோம் பிளேடின் முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும், மழுங்கின பிளேடு வெட்டாது, கடிக்கும். வெட்டின விளிம்பு பல் பல்லாக நின்றால் அதை எந்தப் பெயிண்டும் மறைக்காது.

ஹீட் கன்னால் சூடு காட்டும்போது ஃபோமின் மேல்தோல் ஒரு கணம் மெல்லிய பளபளப்புக்கு வரும். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். சொரசொரப்பான மேற்பரப்பில் இருக்கும் நுண்ணிய துளைகள் மூடிக்கொள்ளும் தருணம் அது. அதற்குள் எடுத்துத் தொடையில் வைத்து வளைத்து, ஆறும் வரை அப்படியே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ஆறின பிறகு வளைவு நிற்கும். இன்னும் கொஞ்சம் சூடு கூடினால் தோல் சுருங்கிக் கொப்புளம் வரும். இதைத் தெர்மாமீட்டர் வைத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. பளபளப்பைப் பார்க்கும் கண்தான் வேண்டும். பட்டறையில் பற்ற வைப்பவர் பற்றாசு இளகி ஓடும் நேரத்தைக் கண்ணால் பிடிப்பதைத் தினமும் பார்க்கிறேன், அதனால் இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்ஆர் வகை. மரக்கடையிலும் செருப்புக் கடையிலும் புழங்கும் மஞ்சள் பசை. இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காயவிட்டு, பிறகு சேர்க்க வேண்டும். சேர்த்தால் சேர்ந்ததுதான், நகர்த்த முடியாது. ஜன்னலைத் திறந்து வைத்து, முகத்துக்கு ஆவி வடிகட்டும் மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். இதில் நான் யாரோடும் சமரசம் செய்வதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதும் அப்படியே, அந்தத் தூசி நுரையீரலுக்கு வேண்டாத ஒன்று.

பெயிண்டுக்கு முன்னால் ஃபோமை அடைக்க வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு அடித்தாலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெள்ளை ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து மெல்லிசாகப் பல கோட் அடிக்கலாம், மலிவான வழி. மார்பு, முதுகு மாதிரி மடங்காத இடங்களுக்கு நன்றாக இருக்கும். மடங்கும் இடத்தில் ரப்பர் மாதிரி நீளும் பூச்சுதான் தாங்கும்.

திரீடி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு, சேலத்தில் இருந்துகொண்டு ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். பலரும் பயன்படுத்தும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதம் நம்மூர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். பின்சீட்டில் வைத்த ஹெல்மெட் சாயங்காலம் பார்த்தால் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். குளிர் நாட்டுக்காரர்கள் போடும் வீடியோவில் இந்த எச்சரிக்கை அவ்வளவாக வராது, அவர்களுக்கு அது பிரச்சினை இல்லை. பெட்ஜி என்ற பிளாஸ்டிக் கொஞ்சம் மேல், 80 வரை தாங்கும். ஏபிஎஸ் என்ற இன்னொரு வகை 100க்கு மேல் தாங்கும், ஆனால் அச்சடிக்கும்போதே ஓரம் தூக்கிக்கொண்டு படுத்தும். நான் ஹெல்மெட்டுக்கு மட்டும் பிரிண்டர், மற்றதெல்லாம் ஃபோம் என்று வைத்துக்கொண்டேன்.

அளவுக்கு வருவோம். இங்கேதான் அதிக நேரம் போக வேண்டும், இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

இணையத்தில் கிடைக்கும் கவச வரைபடக் கோப்புகள் பெரும்பாலும் ஏறக்குறைய ஆறடி ஆளுக்கானவை. நான் ஐந்தடி இரண்டு அங்குலம், 157 செ.மீ. கோப்பு 180 செ.மீ. ஆளுக்கு என்றால், வகுத்துப் பார்த்தால் 87 சதவீதம். அப்படியே எல்லாவற்றையும் 87க்குச் சுருக்கினால் என்ன ஆகும்? முழங்கை முதல் மணிக்கட்டு வரை நீளம் சரியாக இருக்கும், ஆனால் கை உள்ளே போகாது. தொடை நீளம் சரி, சுற்றளவு போதாது. ஹெல்மெட் காதோடு நின்றுவிடும். உயரம் குறைகிற விகிதத்தில் தலை குறைவதில்லை. ஆறடி ஆளின் தலைச் சுற்றளவு 58 செ.மீ. என்றால் என்னுடையது 55. இரண்டுக்கும் 5 சதவீதம்தான் வித்தியாசம். ஆக ஹெல்மெட்டுக்கு ஒரு கணக்கு, உடம்புக்கு இன்னொரு கணக்கு. ஹெல்மெட்டை முழு அளவில் விட்டாலோ குள்ளமான உடம்பின் மேல் பானை கவிழ்த்த மாதிரி ஆகிவிடும். தலை உள்ளே போகிற மிகச் சிறிய அளவைக் கண்டுபிடித்து, உள்ளே பஞ்சு மெத்தையைக் குறைத்து, தோள் மூடியை அரை அங்குலம் வெளியே தள்ளினால் கண்ணுக்கு விகிதம் சரியாகிவிடும்.

ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், அகலம், ஆழம் என்று மூன்று எண்கள் வேண்டும். அதை எடுக்க உடம்பின் நகல் ஒன்று செய்துவிடுவது நல்லது. பழைய டீசர்ட்டைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் டக்ட் டேப்பைப் பட்டை பட்டையாக இறுக்கமாகச் சுற்றச் சொல்லுங்கள். பிறகு முதுகில் நேர்கோடாக வெட்டிக் கழற்றி, மறுபடி ஒட்டி, உள்ளே பழைய துணியை அடைத்தால் உங்கள் உடம்பு உங்கள் மேசையில். ஆனால் அந்தப் பொம்மை மூச்சு விடாது. அதனால் மார்புச் சுற்றில் இரண்டு விரல் இடம் கூடுதலாக விட வேண்டும். அம்மாப்பேட்டையில் எங்கள் ஜாக்கெட் தைக்கும் அக்கா இதை என்னிடம் வேறு மாதிரி சொன்னார்: “அளவெடுக்கும்போது எல்லாரும் வயித்த உள்ள இழுத்துக்குவாங்க. நான் பேச்சுக் குடுத்துக்கிட்டே எடுப்பேன்.” நானும் இப்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் எடுக்கிறேன்.

பெண்களுக்கு இன்னொன்று. மார்புத் தகட்டில் இரண்டு மேடு தட்டிவிட்டால் பெண்களுக்கான கவசம் ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது துளியும் பிடிக்காது. அசல் கவசத்தின் வடிவத்தையும் அது கெடுக்கிறது, நடுவில் ஒரு பள்ளம் விழுந்து அங்கே போய் எலும்பில் அழுத்துகிறது. தகடு வெளியே ஒரே வளைவாக இருக்கட்டும். இடம் வேண்டியது உள்ளே. பக்கவாட்டில், கக்கத்துக்குக் கீழே முன்தகடும் பின்தகடும் சேரும் இடத்தை ஓர் அங்குலம் திறந்துவிட்டு, அந்த இடைவெளியை எலாஸ்டிக்கால் இணைத்து, மேலே ஒரு மெல்லிய மடிப்பால் மூடினால் போதும். முன்னால் இருந்து பார்க்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

கக்கம் என்று சொன்னதும், அந்த இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கவசம் கடிக்கும் இடங்கள் நான்கைந்து உண்டு: கக்கம், முழங்கையின் உள்மடிப்பு, இடுப்பின் முன்விளிம்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து. ஏபிஎஸ் தகடு என்றால் தோலைக் கிள்ளி இரத்தக்கட்டே போடும். வெட்டுவதற்கு முன்னால் போட்டுப் பார்த்து, கையை முழுக்க மேலே தூக்கி, தகடு இடிக்கும் இடத்தில் பென்சிலால் குறித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். முழங்கால் மடங்க வேண்டுமென்றால் கெண்டைக்கால் தகட்டின் பின்பக்க மேல்விளிம்பை முன்பக்கத்தைவிட நன்றாகத் தாழ்த்த வேண்டும். நேராக நிற்கும்போது அந்த இடைவெளி வெறுமையாகத் தெரியும் என்று பயந்து பலர் அதைச் செய்வதில்லை. உள்ளே கறுப்பு உடுப்புதானே இருக்கிறது, நாலடி தள்ளி நின்றால் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

நாடா விஷயத்தில் என் கணக்கு எளிமையானது. எடை தொங்கும் இடத்தில் நீளாத நாடா, உடம்பு அசையும் இடத்தில் எலாஸ்டிக். தொடைத் தகடு இடுப்புப் பட்டையிலிருந்து தொங்க வேண்டும், அதற்கு நைலான். முழுக்க எலாஸ்டிக்கில் விட்டால் நடக்க நடக்க மேலும் கீழும் குதிக்கும். ஆனால் தோள் மூடியை முழங்கைப் பக்கம் இணைக்கும் பட்டை எலாஸ்டிக்காகவே இருக்க வேண்டும், நைலான் போட்டால் கையே வராது. பிரஸ் பட்டன் அடிக்க செருப்பு, பேக் தைக்கும் கடைகளைவிட நல்ல இடம் கிடையாது. முதல் அக்ரஹாரம் பக்கம் எனக்கு அடித்துக்கொடுக்கும் அண்ணன், பட்டன் அடிக்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தோல் துண்டு வைப்பார். நாடா கிழியாது. அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவராகவே வைப்பார்.

போடும் வரிசையும் முக்கியம். காலில் தொடங்கி மேலே: பூட்ஸ், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, மார்பும் முதுகும், கைகள், கடைசியில் ஹெல்மெட். மார்பு ஏறிவிட்டால் குனிய முடியாது, பூட்ஸ் லேஸ் அவிழ்ந்தால் அவிழ்ந்ததுதான். பெரியப்பாவும் காலில் சலங்கையைக் கட்டிவிட்டுத்தான் மேலே வருவார். இரண்டு ஊர், இரண்டு காலம், வரிசை மட்டும் ஒன்று. உடம்பு எங்கேயும் இடுப்பில்தானே மடிகிறது.

சேலம் வெயிலில் முழுக் கவசம் போட்டு நடப்பது அரைமணி நேர வேலைதான். அதற்குமேல் யாரையும் நான் விடுவதில்லை. கூட ஓர் ஆள் கட்டாயம் வர வேண்டும். ஹெல்மெட்டுக்குள் இருந்து காலடி தெரியாது, பக்கவாட்டில் வருகிற குழந்தை தெரியாது. ஸ்டார் வார்ஸ் படத்திலேயே ஒரு வீரர் உள்ளே நுழையும்போது கதவின் மேல்விளிம்பில் தலையை இடித்துக்கொள்வார், அந்தக் காட்சி அப்படியே படத்தில் இருக்கிறது. பயிற்சி பெற்ற நடிகருக்கே அந்தப் பார்வைதான். துப்பாக்கி வடிவத்தில் எதையும் தெருவில் எடுப்பதில்லை என்பதும் என் கட்டாய விதி. பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாமல் போகலாம்.

குளிர் நாட்களில் ஒத்திகை பார்க்க ஏற்காட்டுக்குப் போவோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் வியர்வைப் பிரச்சினை தீர்ந்துவிடும், அதற்குப் பதிலாகக் கண்ணாடி மூடும். ஒரு தை மாதக் காலை. மலையேறும்போதே பனிமூட்டம். காப்பித் தோட்டத்து ஓரமாக, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போகும் பாதையில் என் தோழி முன்னால் நடந்தாள், நான் ஹெல்மெட்டோடு பின்னால். நாலு எட்டு வைப்பதற்குள் பார்வை வெளுத்துவிட்டது. முகத்திலிருந்து வரும் சூடான ஈரமூச்சு, வெளிக்குளிரில் சில்லிட்டிருக்கும் லென்ஸில் பட்டு நீராகப் படிகிறது. நின்று, முகத்தைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்த சின்ன மின்விசிறியைக் கழற்றி, வாய்ப்பக்கம் இருக்கும் துளையில் வெளியே இழுக்கும்படி திருப்பி வைத்தோம். இன்னொன்றை நெற்றியில் வைத்து, காற்று லென்ஸின் உள்பரப்பை உரசிக்கொண்டு கீழே இறங்கும்படி செய்தோம். மேலே வெளுப்பு ஒரு கோடாக விலகியது. கோடு அகலமானது. முதலில் தெரிந்தது தோழியின் சிவப்பு ஸ்வெட்டர், அப்புறம் அவள் பின்னால் மிளகுக் கொடி சுற்றிய மரம், அப்புறம் அந்தக் கொடியின் இலை. 5 வோல்ட் விசிறி இரண்டு, ஒரு பவர் பேங்க், இவ்வளவுதான் செலவு. முகத்துக்குக் காற்று வர வேண்டும் என்றுதான் எல்லோரும் விசிறியை வைக்கிறார்கள். ஈரத்தை வெளியே அனுப்புவதுதான் முதல் வேலை.

அன்று தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா ஒருவர் நின்று, என்னைச் சுற்றி வந்து பார்த்தார். பயப்படவில்லை. முதுகுப் பக்க நாடாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இத நீயே போட்டுக்குவியா பாப்பா, யாராச்சும் கட்டிவிடணுமா?” என்றார். இதைவிடச் சரியான கேள்வியை இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள்கூட என்னிடம் கேட்டதில்லை. தனியாகப் போட முடியாத கவசத்தை ஆத்திர அவசரத்துக்குத் தனியாகக் கழற்றவும் முடியாது. அதற்குப் பிறகு, மார்பை ஒரே இழுப்பில் கழற்றும்படி பக்கவாட்டுப் பட்டனை எல்லாக் கவசத்திலும் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கிறேன்.

பெருநகரங்களில் நடக்கும் உடைப் போட்டிகளுக்கும் போயிருக்கிறேன். ஒரு போட்டியில் மேடைக்குப் பின்னால் கவசம் போட்ட பையன் ஒருவன் மயங்கிச் சரிந்தான். உட்கார இடமில்லை, தண்ணீரில்லை. முன்னால் நின்று எடுக்கும் ஒரு புகைப்படத்தை வைத்துத்தான் மதிப்பெண். இது மாற வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். மேடையில் பத்து படி ஏறி இறங்கச் சொல்லுங்கள், தரையில் கிடக்கும் கைக்குட்டையை எடுக்கச் சொல்லுங்கள், முதுகைக் காட்டச் சொல்லுங்கள். யாருடைய வேலை வேலை என்று அப்போது தெரிந்துவிடும்.

கவசத்தை எதற்காகப் போடுகிறோம் என்பதும் பொருத்தத்தைத் தீர்மானிக்கிறது. 1997இல் அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் தொடங்கிய, ஸ்டார் வார்ஸ் ரசிகர்களின் 501ஆவது லீஜன் இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்த அமைப்பு. படத்தில் வருவதுபோல் துண்டுக்குத் துண்டு ஒத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் சேர்ப்பார்கள். அந்த அமைப்பினர் கவசத்தோடு குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள், நன்கொடை திரட்டுகிறார்கள். ஜான்சனின் மகள் கேட்டி மூளைப் புற்றுநோயில் 2005இல் இறந்துபோனாள். அவளுக்காக இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு டிராய்டை, அதாவது ஸ்டார் வார்ஸில் வரும் மாதிரி ஒரு ரோபோவைக் கட்டினார்கள், ஆர்2-கேடி என்று பெயர். கட்டிலில் இருக்கும் குழந்தையின் உயரத்துக்குக் குனிய வேண்டும், மண்டியிட வேண்டும், கையை மெதுவாக நீட்ட வேண்டும். நிற்க மட்டும் தெரிந்த கவசத்தால் அங்கே பயனில்லை. நான் எந்த அமைப்பிலும் இல்லை. ஆனாலும் யாருக்குக் கவசம் பொருத்தினாலும் கடைசியாக மண்டியிடச் சொல்லிப் பார்க்கிறேன்.

இப்போது மேசையில் இருப்பது விண்வெளிக் கவசம் இல்லை. பெரியப்பா கேட்டு வாங்கிய வேலை. வரும் ஆடியில் அவர் கட்டும் வண்டியில் சூரனை எதிர்க்கும் முருகன் வருகிறார். கட்டை கனமாக இருக்கிறது, வேஷம் போடுவது பன்னிரண்டு வயதுப் பையன், உன் ஃபோமில் செய்துகொடு என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, பையன் நிற்கப்போகிறானா, மயில்மேல் உட்காரப்போகிறானா. உட்கார்வான் என்றார். அதனால் இடுப்புத் தகட்டை முன்னால் மூன்று துண்டாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மடங்கும்படி வெட்டியிருக்கிறேன். வேல் பிடிக்கும் வலது கை பல மணி நேரம் உயர்ந்தே இருக்கும், அந்தப் பக்கத் தோள் மூடி மட்டும் இடது பக்கத்தைவிடச் சிறியது. தங்க நிறத்துக்கு அடியில் ஒரு கோட் பழுப்பு அடித்தால் குழல் விளக்கு வெளிச்சத்தில் வெளிறாமல் இருக்கும். அதை இந்த வாரம் அடிக்க வேண்டும்.

பையன் வேகமாக வளரும் வயது. போன மாதம் எடுத்த தோள் அளவு இந்த மாதம் சரியாக இல்லை. ஜாக்கெட் அக்கா உள்ளே துணி விட்டுத் தைப்பதைப்போலத் தோள் நாடாவில் மூன்று அங்குலம் மடித்து வைத்து, பட்டன் குழியை வரிசையாக நான்கு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பக்கவாட்டு இணைப்பை இன்னும் ஒட்டவில்லை. ஆனி கடைசியில் அவனைக் கூப்பிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மறுபடி ஓர் அளவு எடுத்துவிட்டுத்தான் ஒட்டுவேன்.